முதலில் நலிந்தவர்தாம் முதலில் தொற்றுப் பெற்றவரா? எச்.ஐ.வி. கிருமியும் நம் பிறவிக் காப்பும்

எங்கள் ஆலோசனை அறையில் ஒரு கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் எச்.ஐ.வி. தொற்று உறுதியாகிறது. கணவர் எடை குறைந்து, காசநோயும் சேர்ந்து, படுக்கையில் விழுந்துவிடுகிறார். மனைவியோ நாள்தோறும் நடவு வேலைக்குப் போய்வருகிறார். உடன் வந்த மூதாட்டி எங்களைத் தனியே அழைத்து, "அவன் இப்படி உருக்குலைஞ்சு போயிட்டான், இவ மட்டும் எப்படிங்க நல்லா இருக்கா?" என்று கேட்கிறார். இன்னொரு குடும்பத்தில் மனைவி முதலில் நலிகிறார். அங்கே கேள்வி வேறு உருக்கொள்கிறது: "இவளுக்குத்தானே மொதல்ல வந்துது? அப்ப இவதானே கொண்டு வந்திருப்பா?" எந்தப் பக்கமாகக் கேட்டாலும் பழி போய்ச் சேரும் இடம் ஒன்றாகவே இருப்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம்.

இவ்விதழைப் படிப்போருள் பலர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். அங்கெல்லாம் இத்தகைய ஊகம் ஒருவரின் வீட்டையும் பிள்ளைகளையும் பறித்துவிடக் கூடியது. ஆகவே மறுமொழியை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஒருவர் எவ்வளவு விரைவாக நலிந்தார் என்பது, அவர் எப்போது தொற்றுப் பெற்றார் என்பதைக் காட்டாது. மருந்து உட்கொள்ளாத நிலையில், தொற்று ஏற்பட்டு எய்ட்சு நிலையை அடைய ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அந்நிலைக்கு வந்தவர்களும் உண்டு. இருபது ஆண்டுகள் கடந்தும் திடமாக இருந்தவர்களும் உண்டு. ஒரே நாளில் ஒரே கிருமியைப் பெற்ற இருவரிடமும் இவ்வேறுபாடு தோன்றலாம். வயது, ஊட்டம், காசநோய் போன்ற பிற தொற்றுகள், கிருமியின் தன்மை ஆகியவற்றோடு, நாம் பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து பெற்றுவந்த ஒரு மரபணுத் தொகுதியும் இதற்குக் காரணம். அத்தொகுதியைப் பற்றியதே இம்முறைப் பாடம். பாடம் சற்று நீளமானது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

வாசலில் வைக்கும் தட்டு

சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக அலைந்த குடும்பத்தினர் எச்.எல்.ஏ. என்ற சொல்லைக் கேட்டிருப்பர். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் 'பொருத்தம்' பார்க்கிறார்களே, அது பெரும்பாலும் இதைத்தான். 1958ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே இவ்வகையில் முதலாவதைக் கண்டறிந்தார்; 1980இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் உறுப்பு மாற்றுக்காக இயற்கை இதைப் படைக்கவில்லை. இதன் உண்மையான வேலை என்ன என்பதை 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா நகரில் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகிய இருவர் எலிகளை வைத்து விளக்கினர்.

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றும் தனக்குள் உருவாகும் புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிலவற்றைத் தன் புறப்பரப்பில் எடுத்துவைத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. தெருவில் காவல் வருபவர் பார்த்துப் போகட்டும் என்று ஒவ்வொரு வீட்டாரும் தம் அடுப்படியில் வெந்ததில் ஒரு பிடியைத் திண்ணையில் தட்டில் வைப்பதைப் போல. காவலர்கள், சி.டி.8 எனப்படும் கொல்லும் டி அணுக்கள். தட்டில் இருப்பது நம் வீட்டுச் சோறுதான் என்றால் கடந்து போய்விடுவர். அந்நியத் துண்டைக் கண்டால், கிருமி உள்ளே நுழைந்துவிட்டது என்று அறிந்து, அந்த உயிரணுவையே அழித்துவிடுவர். கிருமி பெருகுவதற்கு முன் வீட்டோடு சேர்த்து எரிப்பது போன்ற கடுமையான காவல் அது.

அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ. தட்டின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டு ஒன்று அதில் உட்காரும். ஆனால் எல்லாத் துண்டும் எல்லாப் பள்ளத்திலும் உட்காராது. பணியாரக் கல்லின் குழியில் வடையைப் பொருத்த முடியாது அல்லவா? பள்ளத்தின் வடிவம் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. ஏ, பி, சி என மூன்று இடங்களில், தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக, ஒருவருக்கு ஆறு வகைத் தட்டுகள் வரை இருக்கலாம். உலக மக்களிடையே இதுவரை அறியப்பட்ட வகைகளோ பல்லாயிரம். உடன்பிறந்த இருவருக்கு ஆறும் ஒத்துப்போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உள்ளது.

இப்போது மேலே சொன்ன தம்பதியை நினைத்துப் பாருங்கள். இருவர் உடலிலும் இருப்பது ஒரே கிருமியாகவே இருக்கலாம். ஆயினும் கணவரின் தட்டுகள் அக்கிருமியின் ஒரு பகுதியைக் காட்டும்; மனைவியின் தட்டுகள் வேறொரு பகுதியைக் காட்டும். எந்தப் பகுதியைக் காட்டுகிறோம் என்பதில்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது.

கிருமியின் உட்கூடும் 242ஆம் இடமும்

எச்.ஐ.வி. மிகச் சிறிய உயிரி. அதன் மரபுச் செய்தி முழுவதும் 9 மரபணுக்களில், சுமார் 9,700 எழுத்துகளில் அடங்கிவிடும். ஆனால் அதைப் படியெடுக்கும் நொதி மிகவும் கவனக்குறைவான எழுத்தர். பிழை திருத்தும் வழக்கமே அதற்குக் கிடையாது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோடிக் கிருமிகள் பிறக்கின்றன. எனவே எழுத்துப் பிழை எந்த இடத்தில் நேர வேண்டுமோ அந்த இடத்தில் அன்றாடம் நேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடு. ஆயினும் தட்டில் அகப்படும் துண்டில் ஓர் எழுத்து மாறி, அதனால் துண்டு பள்ளத்தில் உட்காராமல் போனால், அக்கிருமி காவலர் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. தப்பியது பெருகுகிறது, பழையது அழிகிறது. சில மாதங்களில் அந்த உடலில் இருப்பதெல்லாம் மாறிய வடிவமே.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு பி57 என்னும் எச்.எல்.ஏ. வகை. இதை உடையவர்களிடம் எச்.ஐ.வி. மெதுவாகவே முன்னேறுவது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பி57 தட்டு, கிருமியின் மரபுச் செய்தியை மூடிக் காக்கும் உட்கூட்டுப் புரதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டுகிறது. கிருமி தப்புவதற்காக, அப்புரதத்தின் 242ஆம் இடத்தில் திரியோனின் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாக அஸ்பராஜினை வைத்துக்கொள்கிறது. தப்பிவிடுகிறது. ஆனால் அந்த உட்கூடு ஏறத்தாழ 1,500 ஒரேவிதப் புரதங்கள் ஒன்றோடொன்று பிசகின்றிக் கோத்து நிற்கும் கட்டடம். அதில் ஒரு செங்கல்லின் வடிவை மாற்றினால் கட்டடம் முழுதும் தளர்கிறது. அதனால் தப்பிய கிருமி முன்போல் விரைவாகப் பெருகுவதில்லை. பி57 உடையவர் பெறும் நன்மையில் ஒரு பங்கு இதுதான்: கிருமியைக் கொல்ல முடியாவிட்டாலும் அதை நொண்டியாக்கிவிடுவது.

இதற்குச் சான்றாக ஒரு செய்தியைக் கூறலாம். இவ்வாறு மாறிய கிருமி பி57 இல்லாத வேறொருவருக்குத் தொற்றும்போது, நாளடைவில் 242ஆம் இடத்தில் பழைய திரியோனினே திரும்பிவருகிறது. அங்கே காவல் இல்லை. எனவே நொண்டியாக இருக்கத் தேவையும் இல்லை. 2004இல் வெளியான இக்கண்டுபிடிப்பைப் படித்தபோது எங்களுக்கு ஒருவித வியப்பு ஏற்பட்டது. கிருமியின் புரதத்தில் நாம் காணும் எழுத்துகள் ஏதோ தற்செயலாய் அமைந்தவை அல்ல. அது குடியிருந்த உடல்களின் தடம் அதில் பதிந்திருக்கிறது.

அத்தடங்களை மக்கள்தொகை அளவில் முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தார். கோரி மூர், சைமன் மல்லால் முதலியோர் 473 நோயாளிகளின் கிருமிகளையும் அவர்தம் எச்.எல்.ஏ. வகைகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. இன்ன எச்.எல்.ஏ. உடையவரின் கிருமியில் இன்ன இடத்தில் மாற்றம் இருக்கும் என்று முன்கூட்டியே கூறும் அளவுக்கு ஒழுங்கு இருந்தது.

எல்லாரும் இந்த நற்பேற்றைப் பெற்றவர்கள் அல்லர். மருந்தின்றியே கிருமியை அடக்கிவைப்போர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2010இல் பல நாட்டு ஆய்வாளர் கூடி அத்தகையோரின் மரபணுக்கள் முழுவதையும் துழாவியபோது, வலுவான வேறுபாடு வேறெங்கும் இல்லாமல், இந்த எச்.எல்.ஏ. பி தட்டின் பள்ளத்தில் உள்ள சில இடங்களிலேயே வந்து நின்றது. அவ்விடத்திலும் அது வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கியது. பி57 இருந்தும் விரைவில் நலிந்தவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பான வகை எதுவுமின்றி நெடுநாள் திடமாக இருந்தவர்களும் இருக்கிறார்கள்.

புகையான் கற்றுத்தரும் பாடம்

பாகூர் ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து நெல் வைப்பவர்களுக்கு நாம் அடுத்துச் சொல்லப்போவது புதிதன்று. 1973இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், புகையான் பூச்சியைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற இரகத்தை வெளியிட்டது. தென்கிழக்கு ஆசியாவில் ஊரெங்கும் அதையே நட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்நெல்லையும் உண்ணவல்ல புகையான் பெருகிவிட்டது. அதே இரகத்தை இந்தியாவில் நட்டபோது, இங்குள்ள புகையான் முதலிலிருந்தே அதைத் தின்றது. ஏனெனில் இங்குள்ள பூச்சியின் இயல்பு வேறு. ஒரு காப்பு எங்கே, எவ்வளவு காலம் நிற்கும் என்பது, எதிரி முன்னரே எவற்றைப் பழகியிருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

எச்.ஐ.வி.யிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஜப்பானியரிடையே பி51 என்ற எச்.எல்.ஏ. வகை மிகுதி. எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய காலத்தில் அது ஓரளவு காப்பளித்தது. ஆனால் பி51 தட்டிலிருந்து தப்பும் மாற்றம் கிருமிக்குப் பெரிய இழப்பைத் தரவில்லை. எனவே அம்மாற்றம் நிலைத்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி, பி51 இல்லாதவர் பெறும் கிருமியிலும் காணப்படலாயிற்று. பிறகு தொற்றுப் பெற்றவர்களுக்கு பி51 பழைய காப்பை அளிக்கவில்லை. பரந்த ஒப்பீட்டுடன் 2009இல் வெளியான ஆய்வு, எச்.எல்.ஏ. வகை எங்கே மிகுதியோ அங்கே அதற்கேற்ற தப்பும் மாற்றமும் மிகுதி என்று காட்டியது. போட்ஸ்வானாவிலும் பி57 தந்த நன்மை தேய்ந்துவிட்டதை 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் அங்கே கிருமியின் பெருகும் வேகமும் குறைந்திருந்தது என்பது சற்றே ஆறுதல்.

நம் பகுதிக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் அண்டை நகரான சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் பரவியுள்ளது பெரும்பாலும் 'சி' என்னும் துணைவகை. தென்னாப்பிரிக்காவில் பரவியுள்ளதும் 'சி'தான். ஆனால் அங்குள்ள மக்களின் எச்.எல்.ஏ. வகைகள் வேறு, நம்முடையவை வேறு. நம்மிடையேகூட ஒரே தன்மை இல்லை. தமிழ்நாட்டுச் சமூகங்களின் எச்.எல்.ஏ. வகைகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம்.பிச்சப்பன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் கொள்ளும் வழக்கத்தால், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்வோரிடையேயும் இவ்வகைகளின் விகிதம் வேறுபடுகிறது.

எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்போருக்கு மறுமொழியின் ஒரு பாதி இங்கே கிடைக்கிறது. 2006இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், இந்திய 'சி' வகையை அடிப்படையாகக் கொண்ட ஒரு தடுப்பூசி மனிதரிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டது. பயன்பாட்டுக்கு வரும் நிலையை அது எட்டவில்லை. பல நாட்டுக் கிருமிகளின் துண்டுகளைக் கணினியால் கோத்து உருவாக்கிய 'மொசைக்' தடுப்பூசியும் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு, 2021இலும் 2023இலும் பயனில்லை என்று நிறுத்தப்பட்டது. தட்டுகளும் பலவிதம், துண்டுகளும் பலவிதம் என்றால் ஒரே ஊசி எல்லாருக்கும் பொருந்துவது எளிதன்று. எங்கோ மூலிகையால் கிருமியை ஒழித்ததாகக் கூறும் விளம்பரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வருவோர், இவ்வளவு பேர் இவ்வளவு காலம் முயன்றும் தோற்ற இடம் இது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

தாயும் சேயும், கணவனும் மனைவியும்

கருவுற்ற தாய்மாருக்கு இவ்விடத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை தன் எச்.எல்.ஏ. வகைகளில் பாதியைத் தாயிடமிருந்து பெறுகிறது. தாயின் உடலில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த கிருமி, அத்தட்டுகளிலிருந்து தப்பக் கற்றுவிட்ட கிருமி. பி27 என்ற மற்றொரு நல்ல வகையை வைத்து 2001இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது: தாயிடம் மாறிவிட்ட கிருமி சேய்க்குப் போனபோது, தாயிடமிருந்து பி27 பெற்றும் சேய்க்கு அதனால் பயன் கிட்டவில்லை. தாய் நெடுநாள் திடமாக இருந்தார், ஆகவே பிள்ளையும் தாங்கிக்கொள்ளும் என்று எண்ணுவது இதனால்தான் தவறு. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் ஒருநாளும் விடாமல் மாத்திரை உட்கொள்வதும், பிறந்த குழந்தைக்கு மருத்துவர் கூறும் காலம் வரை மருந்து கொடுப்பதுமே காப்பு. ஆறாம் வாரத்தில் குழந்தையின் குதிகாலிலிருந்து சில துளி இரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனைக்கும், அதன்பின் 18 மாதம் வரை சொல்லும் பரிசோதனைகளுக்கும் தவறாமல் அழைத்து வாருங்கள்.

தம்பதியரிடையேயும் இத்தகைய ஒன்று காணப்பட்டது. ஆப்பிரிக்காவின் சாம்பியாவில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணையரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். எச்.எல்.ஏ. பி வகையில் ஒன்றை இருவரும் பொதுவாகக் கொண்டிருந்தால் தொற்று கடக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம் பக்கத்து வழக்கம். உறவில் மணந்தோர் ஒரே வகையைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு கூடுதலே. இதைப் படித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இவையெல்லாம் மருந்து உட்கொள்ளாத உடல்களைப் பற்றியவை. சென்னையும் புனேயும் பங்கேற்ற, 1,763 இணையரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. தொற்றுள்ளவர் உடனே சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குக் கடப்பது 96 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள், இரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய இயலாத நிலையில் தொடர்ந்து இருந்தால், உடலுறவின் வழியே தொற்று கடப்பதே இல்லை என்று உறுதி செய்தன.

இனி, மருந்து. கிருமி எச்.எல்.ஏ. தட்டிலிருந்து தப்பும் அதே முறையில்தான் மாத்திரையிலிருந்தும் தப்புகிறது. லாமிவுடின் என்னும் மருந்துக்கு எதிராக, படியெடுக்கும் நொதியின் 184ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றினால் போதும். எனவே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் தோற்றுவிடும். ஏ.ஆர்.டி. மையங்களில் இப்போது பெரும்பாலோருக்குக் கொடுக்கும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருப்பது இதற்காகவே. மூன்றிலிருந்தும் ஒரே வேளையில் தப்புவதற்குத் தேவையான பிழைகள் அத்தனையும் ஒரே கிருமியில் சேர்வது மிக அரிது. அதைவிட முக்கியம், கிருமி படியெடுக்கவே இல்லை என்றால் பிழைக்கு இடமே இல்லை. அடக்கப்பட்ட கிருமி புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. திருவிழாவுக்குப் போன நாளும், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை ஒளித்துவைத்த நாளும், அதற்குக் கிடைக்கும் படிப்பு நாள்கள்.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லை, என் உடல்வாகு அப்படி" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் எங்களிடம் வருகிறார்கள். அவருடைய எச்.எல்.ஏ. நல்ல வகையாகவே இருக்கலாம். இருந்தாலும், மருந்தின்றிக் கிருமியை அடக்குவோரின் உடலிலும் மறைவான அழற்சி தொடர்கிறது என்பது அறியப்பட்டுள்ளது. கிருமி தப்பிவிட்டால் அந்தக் காப்பு ஓரிரு ஆண்டுகளில் சரியவும் கூடும். தொற்று உறுதியான அனைவருக்கும், சி.டி.4 எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், சிகிச்சை தொடங்குவது 2017 முதல் நம் நாட்டின் நடைமுறை. அதற்கு எச்.எல்.ஏ. பரிசோதனை தேவையில்லை, தனியார் ஆய்வகங்களில் அதற்காகப் பணம் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதிலும் ஒரு விந்தை இருக்கிறது. எச்.ஐ.வி.யை நொண்டியாக்கும் பி57 குடும்பத்தைச் சேர்ந்த பி57:01 என்னும் வகை உடையோருக்கு, அபாகாவிர் என்ற மாத்திரை கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். இதைக் கண்டறிந்ததும் அதே பெர்த் நகர மருத்துவர்கள்தாம், அதே 2002ஆம் ஆண்டில். குழந்தைகளுக்கும், டெனோஃபோவிர் ஏற்காதவர்களுக்கும் அபாகாவிர் கொடுக்கப்படுவதுண்டு. தொடங்கிய முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். ஒவ்வாமை என்று மருத்துவர் நிறுத்திய பின், வீட்டில் மீதமிருக்கிறதே என்று அம்மாத்திரையை மீண்டும் ஒருமுறைகூட உட்கொள்ளக் கூடாது. இரண்டாம் முறை உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த மூதாட்டியின் கேள்விக்குத் திரும்புவோம். மருமகள் திடமாக இருப்பதற்கு அவருடைய எச்.எல்.ஏ. காரணமாக இருக்கலாம், மகனுக்குச் சேர்ந்த காசநோய் காரணமாக இருக்கலாம், அவருக்குப் பிந்தித் தொற்றியிருக்கலாம், முந்தித் தொற்றியிருக்கவும் கூடும். இவற்றுள் எது என்பதை சி.டி.4 எண்ணிக்கையோ கிருமி அளவோ கூறாது. பரிசோதனைத் தேதியும் கூறாது. கருவுற்ற பெண்கள் மருத்துவமனைக்கு வந்தவுடன் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படுகிறது, அதற்கு இணையாக ஆண்களுக்கு ஒரு வழக்கம் இல்லை. ஆகவே பல வீடுகளில் முதலில் தெரியவருவது மனைவியின் முடிவு. முதலில் தெரிந்தது என்பது வேறு, முதலில் வந்தது என்பது வேறு. யார் கொண்டுவந்தார் என்று எழுதித் தருமாறு எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. அப்படி எழுதித்தர எந்த மருத்துவச் சான்றும் இல்லை என்பதை இவ்விதழ் வழியாகவும் தெரிவிக்கிறோம்.

தொற்றுள்ளவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதும், அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ குடியிருக்கும் வீட்டிலிருந்தோ விலக்குவதும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்சு சட்டப்படி தடைசெய்யப்பட்டவை; அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. கிருமி அளவுப் பரிசோதனை, சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் செய்யப்படும். அடுத்த முறை வரும்போது, உங்கள் கையேட்டில் கடைசியாகப் பரிசோதித்த தேதியைப் பார்த்து, ஓராண்டு கடந்திருந்தால் செவிலியரிடம் நீங்களே நினைவூட்டுங்கள். நேரில் கேட்கத் தயங்கும் ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.